கயிறு மாத்தியாச்சா?

1

பூதலூரிலிருந்து போன வாரம் ஒரு பார்சல் வந்தது. என் நாத்தனார் மலர்க்கொடி அனுப்பியது. எள்ளுருண்டை, வெங்காய வடகம், பெரியவள் யாழினிக்கு ஒரு சுடிதார், சின்னவன் கவினுக்கு அளவு தப்பிய இரண்டு சட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் பொதிந்து, ஓர் உருண்டைக் கருப்புக் கயிறு. எழுத்தில் அரைஞாண் கயிறு. எங்கள் பக்கத்துப் பேச்சில் அரணாக்கயிறு.

அதைக் கேட்டு வாங்கியது நானில்லை, என் வீட்டுக்காரர். அவர் பெயர் அறிவழகன். பெயரிலேயே தெரிந்திருக்கும், கருப்புச் சட்டைக் குடும்பம். எங்கள் கல்யாணத்தில் ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலையும் மைக்கும் மட்டும்தான். மைக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வாழ்த்திப் பேச வந்தவர்கள் பேசி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போனதாக என் அண்ணன் இன்றைக்கும் சொல்வான். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை அக்காவுக்கு போன் போட்டு அரணாக்கயிறு கேட்டிருக்கிறார் என்றால் சும்மா இருக்குமா? போன வருஷம் நடந்த ஒரு காரியம் இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அயர்லாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில் பிள்ளைகள் வார்டில் நர்ஸ். அவருக்கு இங்கே பால்பவுடர் ஆலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்றால் மெஷின் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகும் என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அங்கே மாதிரியே இங்கேயும் மூக்கு ஒழுகும் பிள்ளைகள்தான். காதுவலி, தொண்டைப் புண், வாந்திபேதி, குளிர்காலம் வந்தால் நெஞ்சுச் சளி. ஆபரேஷன் என்றால் டான்சில், குடலிறக்கம், மூக்குக்குள் போன பாசிமணி. தஞ்சாவூரில் அதே மூக்கிலிருந்து நான் புளியங்கொட்டை எடுத்திருக்கிறேன். வயிறு சரியில்லாத பிள்ளைக்கு நம் வீட்டில் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுப்போம். இங்கே சோடாவைத் திறந்து வைத்து, கேஸ் போன பிறகு கொடுக்கிறார்கள். அந்தந்த ஊர்த் தாய்க்கு அந்தந்த ஊர் வைத்தியம்.

வாட்ஸப்பில் என்னைக் கேள்வி கேட்கும் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வலிக்கிற காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். காய்ச்சல் பிள்ளையைக் கம்பளியால் மூடாதீர்கள். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் பாட்டிலை இந்தத் தடவை திறக்காதீர்கள். பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா, ஒன்றுக்குப் போகிறதா, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறதா, அதைப் பாருங்கள். அதில் ஒன்று குறைந்தாலும் எனக்கு போட்டோ அனுப்பாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

2

தஞ்சாவூரில் நான் முதலில் வேலை பார்த்தது ஒரு தனியார் பிள்ளைகள் ஆஸ்பத்திரி. பூதலூர், வல்லம், பாபநாசம், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நடவு முடிகிற வரை பொறுத்திருந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. திட்டுவோம், பிறகு டீ வாங்கிக் கொடுப்போம்.

பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் உப்பிய பிள்ளை ஒன்று வந்தால், வீட்டிலிருக்கும் சங்கிலி எல்லாம் அதன் கழுத்தில் ஏறி வரும். பொன் கேட்டுத்தான் வீங்குகிறது என்பது நம்பிக்கை. காய்ச்சல் பார்ப்பதைவிடச் சங்கிலியின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே எனக்குப் பெரிய வேலை. அம்மை போட்ட பிள்ளையின் தாய் நோயின் பெயரையே சொல்ல மாட்டாள். "ஆத்தா வந்திருக்கா சிஸ்டர்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொல்வாள். நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆத்தாவுக்குக் கோபம் வராத மாதிரி காய்ச்சல் மருந்து கொடுப்போம்.

ஆனால் பெரிய சிக்கல் அரணாக்கயிறுதான். குடலிறக்கம், விரைவீக்கம் என்று ஆபரேஷனுக்கு வரும் பையன்களுக்கு எல்லாமே இடுப்புக்குக் கீழே நடக்கிற வேலை. மருந்து போட்டுத் துடைக்கிற இடத்தில் பல மாதச் சோப்பும் வேர்வையும் ஊறிய கயிறு கிடக்கலாமா? கூடாது. ஆனால் கத்திரியை எடுத்தால் தாய்க்காரி அலறிவிடுவாள். ஏன் என்று டெல்டாவில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தன் இடுப்புக் கயிற்றை அறுத்து எடுப்பது ஒரே ஒரு தடவைதான், அவனை மற்றவர்கள் கடைசியாகக் குளிப்பாட்டும்போது.

அதனால் எங்கள் வார்டில் வெட்டு, அறு என்ற பேச்சே கிடையாது. "கயிறு மாத்தியாச்சா?" என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்போம். வேலையும் அப்படித்தான் நடக்கும். பேண்டேஜ் துணியில் இரண்டு முழம் கிழித்து, கையால் திரித்து, முதலில் அதைப் பிள்ளையின் இடுப்பில் கட்டிவிடுவோம். புதுசு ஏறிய பிறகுதான் பழசில் கத்திரி. ஒரு நொடிகூட இடுப்பு வெறுமனே இருக்காது. தாய்க்காரியின் மூச்சு திரும்பி வரும். உள்ளே தியேட்டரில் அந்த வெள்ளைத் துணியை விலா வரைக்கும் மேலே தள்ளிவிட்டு, பிளாஸ்டர் ஒட்டி, அவர்கள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கே வந்த பிறகு அதெல்லாம் மறந்தே போய்விட்டது. அயர்லாந்துப் பிள்ளைகளின் இடுப்பில் எதுவும் இருப்பதில்லை, சில சமயம் டிராயர்கூட.

3

கவினுக்கு அப்போது ஆறு வயது. டிராம்போலினில் குதித்துவிட்டு வந்தவனைக் குளிப்பாட்டும்போது தொடையிடுக்கில் ஒரு மேடு தெரிந்தது. அழுதால் துருத்தியது, படுத்தால் உள்ளே போய்விட்டது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனை தாய்மார்களிடம் "சின்ன ஆபரேஷன்தான், காலையில் வந்தால் சாயங்காலம் வீடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்! என் பிள்ளை என்றதும் சோப்பு கையிலிருந்து வழுக்கிவிட்டது.

இங்கே நேராகப் பெரிய டாக்டரிடம் போய் நிற்க முடியாது. முதலில் குடும்ப டாக்டர். அவர் ஆஸ்பத்திரிக்கு எழுதுவார். எழுதியது கிடைத்தது என்று ஆஸ்பத்திரி நமக்கு எழுதும். பிறகு, விரைவில் எழுதுவோம் என்று எழுதும். நான் தினமும் வேலை பார்க்கிற அதே கட்டடத்திலிருந்து, இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு, தபால்காரர் மழையில் நனைந்துகொண்டு கொண்டுவந்து போடுவார். வார்டில் என்னோடு டீ குடிக்கிறவர்களே போட்ட கையெழுத்து அதில் இருக்கும்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேடு உள்ளே போகாமல் கல் மாதிரி நின்றுவிட்டது. பிள்ளை வாந்தி எடுத்தான். தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் மெல்ல மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினார். குடல் அப்படிச் சிக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதன் பிறகு தபால் எல்லாம் இல்லை. அதே வாரத்தில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பட்டியல் நிறைந்த நாள், நடுவில் நுழைத்திருக்கிறோம், தவற விடாதீர்கள் என்றார்கள்.

இந்த இடத்தில் கவினின் இடுப்புக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டியது என் மாமனார். பூதலூரில் குறுவையும் சம்பாவுமாக வாழ்ந்த மனிதர்; கோயில் வாசலை மிதிக்காதவர், ஆனால் திருவிழாவில் போடுகிற பட்டாணி சுண்டலுக்கு ஆள் அனுப்புவார். அவர் இடுப்பில் மட்டும் கருப்புக் கயிறு இருந்தது. காலேஜ் படிக்கும்போது என் வீட்டுக்காரர் தன் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அப்பாவையும் மடக்கப் பார்த்தாராம்.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் பகுத்தறிவு சொல்றீங்க, இடுப்புல இது எதுக்கு?"

"இது சாமி கயிறு இல்லடா. வேட்டி நிக்க வேணாமா?"

இந்தப் பதிலை எங்கள் வீட்டில் எல்லாரும் மாமனாரின் குரலிலேயே சொல்லிக் காட்டுவோம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஊருக்குப் போன அந்தக் கடைசி லீவில், தன் உருண்டையிலிருந்தே ஒரு துண்டு அறுத்து நாலு வயதுக் கவினுக்குக் கட்டிவிட்டார். வளர்கிற பிள்ளை என்று தாராளமாகவே விட்டுக் கட்டினார். "நாளைக்கு வேட்டி கட்டணும்ல" என்றார். "அயர்லாந்துலயா?" என்று கேட்டுச் சிரித்தார் என் வீட்டுக்காரர். கவின் அதற்குத் தாத்தா கயிறு என்றே பெயர் வைத்துவிட்டான்.

அடுத்த பொங்கலுக்கு மாமனார் இல்லை. செய்தி வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் மட்டும் கிளம்பிப் போனார்; அவர் போய்ச் சேரும் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். யாழினிக்குப் பரீட்சை, எனக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பியவரிடம் எப்படி நடந்தது என்று கேட்டேன். "சடங்கு ஒண்ணும் இல்ல. நல்லபடியா முடிஞ்சிது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் துருவவில்லை. தூர தேசத்தில் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு நாலு பேர் வருவதில்லை. மறுநாளே அவர் ஆலைக்குப் போய்விட்டார்.

4

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், "குளிக்க வைக்கும்போது கயித்த எடுத்துருங்க" என்று அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். கயிறு என்றாலே கிண்டல் செய்கிற ஆள் ஆயிற்றே, ஆசையாக வெட்டிப் போட்டிருப்பார் என்று நானும் நம்பிவிட்டேன்.

காலையில் வார்டில் கவினுக்கு ஆஸ்பத்திரி கவுனை மாட்டுகிறேன், கயிறு அப்படியே இருக்கிறது.

"என்னங்க, எடுக்கலயா?"

"முடிச்சு அவுக்க வரல."

"வீட்ல கத்திரி இல்லையா?"

கவினின் கையில் தடவியிருந்த மரத்துப்போகும் களிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கவின் டேப்லெட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் எங்கள் வார்டின் தலைமை நர்ஸ் பிரீடா வந்துவிட்டாள். அறுபதை நெருங்குகிற, வேகமான கைகள் உள்ள பெண். வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவள் கயிற்றைப் பார்த்தாள். இதை மட்டும் எடுத்துவிடலாம் என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து கத்திரியை எடுத்தாள். என் வீட்டுக்காரர் சட்டென்று முன்னால் வந்து பிள்ளையின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "நோ" என்றார். பிரீடா என்னைப் பார்த்தாள். தியேட்டரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், தயாராக இல்லையென்றால் அடுத்த பிள்ளையை அனுப்பிவிடுவேன், இவனுக்கு இன்றைக்கு மறுபடி இடம் கிடைக்குமா என்று சொல்ல முடியாது என்றாள். அவள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அந்த மேடு கல்லாக நின்றது கண்ணுக்குள் வந்துபோனது. "என்னங்க இது? ஊரையே திருத்துற ஆளு நீங்க! புள்ளைக்கு மறுபடி குடல் சிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? மைக் போட்டுப் பேசுவீங்களா?" என்று கத்திவிட்டேன். தமிழில்தான். ஆனால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோபத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அவர் கையை எடுக்கவில்லை. "சாமி பூதம்னு எனக்கு ஒண்ணும் கெடையாது செல்வி. ஒனக்கே தெரியும்."

"அப்பறம் என்ன?"

"அப்பாவுக்கு நான்தான் அறுத்தேன்."

பிரீடாவிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன்.

"குளிப்பாட்டறதுக்கு முன்னாடி, மூத்த புள்ள எடுப்பான்னாங்க. சடங்கு வேணாம்னு எல்லாத்தையும் நிறுத்துனவன் நான். அது சடங்கா என்னன்னே தெரியல. கயிறு இருந்துச்சு, கத்திரியக் கையில குடுத்தாங்க. ஒரே வெட்டு. அவ்ளோதான். அதே உருண்டையிலதான இவனுக்கும் கட்டுனாரு? நேத்து கத்திரிய கயித்துக்கு அடியில விட்டுட்டேன். கை வரல. தப்புன்னு தெரியுது, ஆனா வரல."

சொல்லிவிட்டு, கோமாளித்தனமாக ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளாக இதை ஒரே வீட்டில் என்னோடு வைத்துக்கொண்டு, ஆலைக்கும் போய் வந்து, வடை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தக் கையை அப்போது பிடித்துக்கொள்ள நான் பூதலூரில் இல்லையே என்று இருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

அழுதுகொண்டே வாயில் வந்தது தஞ்சாவூர்ப் பேச்சு.

"வெட்ட வேணாங்க. மாத்திடலாம்."

பிரீடாவிடம் பேண்டேஜ் துணி கேட்டேன். எதற்கு என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னேன்: எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவனின் இடுப்பு வெறுமனே இருக்காது, புதுசு கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்போம். அவள் கேள்வி கேட்பாள், மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தன் சீருடைக் காலரைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் ஊக்கில் மாட்டிய குட்டி மாதா பதக்கம். அவள் அம்மா சின்ன வயதில் பனியனில் குத்திவிட்டதாம், இன்றுவரை சட்டை மாறினால் பதக்கமும் புதுச் சட்டைக்கு மாறும் என்றாள். பேண்டேஜை அவளே கிழித்துக் கொடுத்தாள். தியேட்டருக்கு போன் செய்து, துணிதான், உலோகம் இல்லை, விலா வரைக்கும் தள்ளி ஒட்டிக்கொள்ளலாம் என்று சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து சரி, சீக்கிரம் என்றார்கள்.

நான் திரித்துக் கொடுத்தேன், அவர் கட்டினார். பால்பவுடர் ஆலையில் அவ்வளவு பெரிய மெஷினைக் கழற்றி மாட்டுகிற விரல்களுக்கு ஒரு முடிச்சு வரவில்லை. மூன்றாவது தடவைதான் நின்றது. "இது என்ன, வெள்ளையா?" என்று கவின் கேட்டான். "ஆஸ்பத்திரி கலர்" என்றேன். அப்புறம் கத்திரியை அவரிடம் நீட்டினேன். பிடுங்கி நானே செய்துவிட்டிருக்கலாம். ஆனால் அவர்தான் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாங்கினார். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பழைய கயிற்றை எடுத்தார். அதைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

5

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எங்களுக்கு யாரும் முன்னால் சொல்லவில்லையே. காத்திருந்த நேரம் முழுக்க அவர் சட்டைப் பையில் கை வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். நான் பிள்ளைகள் வார்டு நர்ஸ் என்பதையே மறந்து, வழியில் போன சின்னப் பெண் டாக்டரிடம் "இவ்வளவு நேரம் ஆகுமா?" என்று கேட்டேன். எத்தனை தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், நான் எவ்வளவு பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்! அவளும் பொறுமையாகவே சொன்னாள்.

கவின் மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டான். குடித்ததும் டோஸ்ட் கேட்டான். இந்த ஊரில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு வெண்ணெய் தடவிய டோஸ்ட்தான் பிரசாதம். பாதி தின்றவன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, பிறகு விலாவில் தடவினான்.

"அப்பா, தாத்தா கயிற கட் பண்ணிட்டாங்களா?"

"இல்லடா. மாத்தினோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆயிரம் தடவை கேட்ட சொல், எங்கோ ஒரு மழை ஊரில், கருப்புச் சட்டைக்காரர் வாயிலிருந்து வருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் மருந்து, தளர்ந்த டிராயர், காயத்தில் ஈரம் படாமல் துடைப்பது, டிராம்போலினுக்குப் பூட்டு என்று வழக்கமான கவனிப்புதான். ஒரே ஒரு வழக்கத்துக்கு மாறான காரியம் நடந்தது. காயம் ஆறியதும் என் வீட்டுக்காரர் தன் கருப்பு ஸ்வெட்டரின் தலைமுக்காட்டுக் கயிற்றை உருவி, கவினுக்குக் கட்டிவிட்டு, அந்த பேண்டேஜ் கயிற்றை எடுத்தார். எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிற யாழினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று தமிழில் கேட்டாள். நீ குட்டியாக இருந்தபோது உனக்கும் இருந்தது என்றேன். போட்டோ எடுத்துக் காட்டும் வரை நம்பவில்லை.

ஒரு வருஷத்தில் அந்த ஸ்வெட்டர் கயிறு பிசிறடித்துவிட்டது. பையனும் சதை போட்டுவிட்டான். அதற்காகத்தான் இந்தப் பார்சல்.

நேற்று சாயங்காலம் ஹாலில் நிற்க வைத்து மாற்றினோம். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "புதுசு ஃபர்ஸ்ட்டு, புதுசு ஃபர்ஸ்ட்டு" என்று கவினே கத்தினான். கட்டி முடித்து, பழையதை எடுத்து, உருண்டையைச் செய்தித்தாளில் திரும்பச் சுற்றப் போனேன்.

"கொஞ்சம் இரு" என்றார். உருண்டையிலிருந்து இன்னொரு துண்டை இழுத்துத் தன் இடுப்போடு வைத்து அளந்து பார்த்தார். காலேஜ் காலத்திலிருந்து வெறுமனே இருக்கிற இடுப்பு. சட்டையைத் தூக்கிக்கொண்டு, கவின் நின்ற அதே இடத்தில் என் எதிரே வந்து நின்றார்.

"ஒங்களுக்கு எதுக்குங்க?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அப்பா குரலில் சொன்னார்: "வேட்டி நிக்க வேணாமா?"

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர் வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை. சிரிக்காமல் குனிந்து முடிச்சைப் போட்டேன். கொஞ்சம் இறுக்கியே போட்டேன்.